டர்போ காருக்கு ஷெல் ஹீலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40 இன்ஜின் ஆயில்

என் கார் பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். ஃபோக்ஸ்வேகன் 502 00 என்ற, அந்த நிறுவனத்தின் ஆயில் தர எண் இல்லாத ஆயிலை இதில் நான் ஊற்றவே மாட்டேன். இந்த ஷெல் கேனில் அந்த எண்ணோடு, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்பி தரமும் இருக்கிறது. 2020-இல் வந்த எஸ்பி, டைமிங் செயின் (இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் சங்கிலி) தேய்மானத்தையும் சோதித்துத் தரும் தரம். டைமிங் செயின் வைத்த கார்க்காரர்கள் இதைக் கட்டாயம் பார்த்து வாங்குங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் கடகட சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், இரண்டு குறிகளுக்கு நடுவே தேன் நிறத்தில் மெல்லிய படலம். நாள்பட நிறம் கறுக்கும், பயப்படாதீர்கள். ஆயில் கரியைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது என்றுதான் அர்த்தம். அளவு இறங்குகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் டர்போ போனால் ஆகும் செலவுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. அப்புறம், மெக்கானிக் கடையில் திறந்து வைத்த டிரம்மிலிருந்து ஊற்றச் சம்மதிக்காதீர்கள். சீல் உடையாத கேனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள், ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.