வரைவதற்காகக் கென்யா சஃபாரி: எந்தப் பூங்கா, எந்த வண்டி?

கென்யா சஃபாரிக்குப் பணம் கட்டும் முன் ஓவியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி தனியாகக் கிடைக்குமா என்பதுதான். பகிர்வு வேனில் நாலு போட்டோ எடுத்ததும் மற்றவர்கள் கிளம்பச் சொல்வார்கள். படுத்திருக்கும் சிங்கம் தலையைத் தூக்கி, கொட்டாவி விட்டு, புரண்டு, மறுபடி பழைய நிலைக்கு வருவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிடும். வரைபவருக்கு வேண்டியதே அந்த அரைமணி நேரம். கூரை திறக்கும் லேண்ட் குரூசரை மூன்று பேர் சேர்ந்து எடுப்பது நல்லது; ஆளுக்கொரு ஜன்னல், செலவும் பங்கு. நின்றதும் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று முதல் நாளே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். டீசல் எஞ்சின் ஓடினால் கோடு நடுங்கும்.

அம்போசெலி, சம்புரு, மாசாய் மாரா ஆகிய மூன்று பூங்காக்களில் நம் ஊர் ஓவியருக்கு முதலிடம் அம்போசெலிதான். 392 சதுர கிலோமீட்டர், திறந்த வெளி. கிளிமஞ்சாரோ மலையிலிருந்து நிலத்தடியில் வரும் நீரில் சதுப்புகள் வற்றாமல் இருப்பதால் யானைகள் கிட்டத்திலேயே, நெடுநேரம் நிற்கும். டாப்ஸ்லிப் கோழிகமுத்தி முகாமில் யானை வரைந்து பழகிய கை இங்கே கண்டிப்பாகத் தடுமாறும். நம் யானைக்கு நெற்றியில் இரட்டை மேடு, வளைந்து உயர்ந்த முதுகு, தும்பிக்கை நுனியில் ஒரு விரல். அங்கே நெற்றி ஒரே சரிவு, முதுகு நடுவில் குழி, நுனியில் இரண்டு விரல், காது தோளையே மூடும். பழக்கத்தில் நெற்றி மேட்டைப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாக வந்தாலும் படம் ஆனைமலை யானைதான்.

நிறத்துக்கும் அம்போசெலியே பள்ளிக்கூடம். புழுதி படிந்து சாம்பல் வெள்ளையாக இருக்கும் யானை சதுப்பிலிருந்து ஏறும்போது வயிற்றுக்குக் கீழே ஈரக் கறுப்பு, மேலே வெளிறல், நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. இதைக் கறுப்புப் பெயின்ட்டால் நிரப்பாதீர்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்தால் அந்த ஈரம் வரும். அதே புழுதி காயாத வாட்டர்கலரிலும் ஒட்டும் என்பதால், வேலை முடிந்ததும் தாளை மூடி வையுங்கள். மலை உச்சி அதிகாலையில்தான் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும், பிறகு மேகம் மூடிவிடும்.

சம்புருவுக்கு இரண்டு நாள் போதும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று இலை மேயும் ஜெரெனுக் மான், நெருக்கமான மெல்லிய கோடும் வெள்ளை வயிறும் கொண்ட கிரேவி வரிக்குதிரை, வலைப்பின்னல் ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றுக்காகவே போகலாம். வெயில் கடுமை. பத்து மணிக்கு மேல் கானல் அலையில் பைனாகுலர் பயன்படாது.

மாசாய் மாராவில் எல்லோரும் ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனம் கூட்டமாக ஆறு கடப்பதைப் பார்க்கப் போகிறார்கள். ஓவியருக்கு அது வீண் செலவு. அவ்வளவு வேகத்தில் கை எதையும் பிடிக்காது, சுற்றிலும் வண்டிக் கூட்டம். வெளிநாட்டவர் கட்டணமும் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர். ஜனவரி, பிப்ரவரி பாருங்கள். மார்ச் முதல் மே வரை நீள்மழைக் காலம். பல்லடம் பக்கத்துக் கரிசல் போன்ற மண், சக்கரம் புதைந்தால் அரை நாள் போச்சு.

சாமான்களில் டர்பன்டைன் விமானத்தில் ஏறாது, ஆயில் பெயின்ட்டை வீட்டிலேயே விடுங்கள். ஏ5 நோட்டு, 2பி பென்சில், தண்ணீர் நிரப்பும் பிரஷ், பன்னிரண்டு நிற வாட்டர்கலர் பெட்டி போதும். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப்பை எடுத்துப் போங்கள். பூங்காக்களுக்கு இடையே சிறு விமானத்தில் போனால் மொத்தம் 15 கிலோ, அதுவும் மென்மையான பையில்தான்; சக்கரப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில்தான் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.