பழைய ஐபேட் ஏர் போதுமா, புதியது வேண்டுமா?

குன்னூரில் வீட்டிலிருந்தே பாடம் நடத்தும் எனக்கு, 2022இல் வெளிவந்த, எம்1 சில்லு கொண்ட ஐபேட் ஏரை வைத்துக்கொள்வதா, 2025இன் எம்3 சில்லு கொண்ட 11 அங்குல ஏருக்கு மாறுவதா என்ற கேள்வி எழுந்தது.

திரையையும் நினைவகத்தையும் பொறுத்தவரை வேறுபாடு தேட வேண்டியதே இல்லை. இரண்டிலும் 2360க்கு 1640 புள்ளிகள், 60 ஹெர்ட்ஸ், 8 ஜிபி நினைவகம். எம்3 வேகமானதுதான், ஆனால் குறிப்பெடுப்பதிலும் காணொளி வகுப்பிலும் அந்த வேகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிப்படைச் சேமிப்பு 64இலிருந்து 128 ஜிபியாக உயர்ந்திருப்பதும், முன்கேமரா நீளவாட்டு விளிம்புக்கு நகர்ந்திருப்பதும் உண்மையான ஆதாயங்கள்.

விளம்பரங்கள் அழுத்திச் சொல்லாத செலவு ஒன்று உண்டு: எம்1 உடன் இயங்கும் இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் (திரையில் எழுதும் மின்னணுப் பேனா) எம்3இல் வேலை செய்யாது என்பதால், எழுதிப் பழகியவர் பென்சிலையும் புதிதாக வாங்க நேரிடும்.

எம்1 ஏருக்கு ஐபேட்ஓஎஸ் 26 இயங்குதளமும் கிடைக்கிறது. உறைபனி இறங்கும் தை மாதக் காலையில் மின்கலம் விரைவாக இறங்குவது லித்தியம் அயனி மின்கலங்களின் இயல்பு. புதியதை வாங்கினாலும் அது மாறாது. சேமிப்பு நிரம்பித் திணறுபவர் மாறலாம். நான் பழைய மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொள்ளப் போகிறேன்.