உணவு ஆய்வகத்தில் ஒரு மின்நூற்பு இயந்திரம்

வயிற்றுக்குள் சத்துகளை மெல்ல விடுவிக்கும் உயிர்ப்பல்படி (புரதம் போன்ற, உயிரிகளிலிருந்து கிடைக்கும் நீள்சங்கிலி மூலக்கூறு) இழைகளை நூற்பதற்காகவே மேசைமேல் வைக்கும் இந்தச் சிறிய இயந்திரத்தை எங்கள் ஆய்வகத்தில் வாங்கினோம். எனவே அந்த வேலைக்கு இது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

சிரிஞ்சு பம்ப் தள்ளும் கரைசல் ஊசிமுனையில் துளியாகத் திரண்டு, உயர் மின்னழுத்தத்தால் கூம்பாக நீண்டு, மெல்லிய தாரையாகப் பாய்கிறது. வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிடுவதால் எதிரேயுள்ள தகட்டில் உலர்ந்த இழைகளே படிகின்றன. சூடேற்ற வேண்டியதில்லை என்பதால், வெப்பம் தாங்காத வைட்டமின்களுக்கு கரைசலைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும் ஸ்பிரே டிரையரைவிட இம்முறை உகந்தது.

மக்காச்சோளப் புரதமான ஸெயினையும் மஞ்சளிலுள்ள குர்குமினையும் 80 விழுக்காடு எத்தனாலில் ஒன்றாகக் கரைத்து, 20 கிலோவோல்ட்டில், 12 செ.மீ. இடைவெளியில் நூற்றோம். ஸெயின் 25 முதல் 30 விழுக்காடு வரை இருந்தபோது இழைகள் சீராக வந்தன. அதற்குக் கீழே இறங்கியதும் நுண்ணோக்கியில் மணி கோத்ததுபோல் முடிச்சுகள் தெரிந்தன. மின்னழுத்தம் நிலையாக நிற்கிறது, கதவைத் திறந்தவுடன் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் முழு மதிப்பெண் தரலாம்.

ஊசி அடைப்புதான் பெருந்தொல்லை. எத்தனால் முனையிலேயே உலர்ந்து மஞ்சள் பொருக்காக இறுகிவிடுவதால், ஆள் பக்கத்திலேயே நின்று துடைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கரைசலைச் சுற்றி எத்தனாலை மட்டும் செலுத்தும் இரட்டைக்குழல் ஊசி இதைத் தணிக்கும்; ஆனால் அதைத் தனி விலைக்குத்தான் தருகிறார்கள். இயந்திரத்தின் நூற்பறைக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவும் வழியில்லை. மழைக்காலத்தில் அதே கரைசல் வேறு பருமனில் இழையாகிறது, கையேடோ இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அமிலத்தன்மை பிஎச் 3, வெப்பம் 37 டிகிரி, பெப்சின் நொதி என்று அமைத்த செயற்கை இரைப்பைநீரில் 2 மணி நேரம் வைத்தபோது, இழைப்பாய் கரையாமல் சுருங்கி ஏடாக ஒட்டிக்கொண்டது. இது இயந்திரத்தின் குறையன்று, நீர் பட்டால் ஸெயின் இழைகளின் இயல்பே அது. குறுக்குப்பிணைப்பு (மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தல்) செய்யாமல் இழை வடிவம் வயிற்றிலும் நிலைக்கும் என்று எதிர்பார்த்து யாரும் இதை வாங்க வேண்டாம்.

மணிக்கு 1 மி.லி. ஓட்டத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது ஏறத்தாழ கால் கிராம் இழைதான். ஆராய்ச்சி மாணவருக்கு அது போதும். மாத்திரையாக்கி விற்க நினைப்பவர்கள் ஊசிக்குப் பதில் சுழலும் உருளையிலிருந்து நூற்கும் வகையைத் தேடுவதே நல்லது. வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், இரட்டைக்குழல் ஊசியையும் உலர்காற்று இணைப்பையும் விலைப்புள்ளியிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.