பகெத்தா, திராதிசியோனா?

பாரிஸ் ரொட்டிக் கடையில் நீளமான குச்சி ரொட்டியை "ஒரு பகெத்" என்று மட்டும் கேட்டால் சாதாரண பகெத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். பக்கத்திலேயே முனை கூராக, மேலே மாவு படிந்து, கொஞ்சம் கோணலாக இருப்பது 'பகெத் த திராதிசியோன்', அதாவது மரபுமுறை பகெத். விலை சில பத்து சென்ட் கூடுதல். அதைக் கொடுத்து இரண்டாவதையே வாங்குங்கள் என்பேன்.

பகெத் என்றால் குச்சி. மேளம் அடிக்கும் குச்சி, மந்திரக்கோல், சீனர்கள் சாப்பிடும் குச்சி எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். ஆக, அந்தப் பெயர் ரொட்டியின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது பொறுப்பில்லை. மாவைப் பதப்படுத்தும் சேர்க்கைகள் இருக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த மாவிலிருந்து சுட்டதாகவும் இருக்கலாம்.

'திராதிசியோன்' என்ற பெயருக்கோ சட்டக் காவல் உண்டு. 1993 செப்டம்பரில் வந்த அரசாணைப்படி கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. அவரை மாவு போன்ற ஒன்றிரண்டை மிகச் சிறிய அளவில் சேர்க்கலாம். வேறு சேர்க்கைப் பொருள் எதுவும் கூடாது, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. சேர்க்கையின் துணை இல்லாததால் நல்ல ரொட்டிக்காரர்கள் மாவைக் குறைவாகப் பிசைந்து, நீண்ட நேரம் புளிக்க விடுகிறார்கள். அதனால்தான் உள்ளே வெள்ளை வெளேரென்று இல்லாமல் வெண்ணெய் நிறம், பெரிதும் சிறிதுமாகத் துளைகள், மெல்ல மெல்லக் கோதுமை வாசனை.

பாரிஸ் நகராட்சி 1994 முதல் நடத்தும் போட்டியும் இந்த ரொட்டிக்குத்தான். வென்றவர் ஓராண்டு பிரெஞ்சு அதிபரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி தர வேண்டும். 2023-இல் வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தச் செய்தி இன்றும் எனக்குப் பெருமை.

சாதாரண பகெத் வேண்டவே வேண்டாமா? வெண்ணெயும் ஹாமும் வைத்து உடனே கடிக்கிற சாண்ட்விச்சுக்கு அதன் மெல்லிய மேல்தோலும் மிருதுவான உள்ளும் நன்றாகவே பொருந்தும். குழந்தைகளுக்கும் மெல்லச் சுலபம். ஆனால் காலையில் வாங்கியது இரவுக்குள் விறைத்துவிடும். திராதிசியோன் மறுநாள் வரை தாங்கும். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், மேல்தோல் தொய்ந்துவிடும். துணியில் சுற்றி வையுங்கள். மறுநாள் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடான ஓவனில் சில நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும்.

வாங்கும்போது "பியன் குயித்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நன்றாகச் சிவக்கச் சுட்டதாகப் பார்த்துத் தருவார்கள்.