ஒரே ஒரு களநாள்: தரங்கம்பாடியா, பிச்சாவரமா, முத்துப்பேட்டையா?

கடலியல் அறிமுகப் பாடம் நடத்துகிற டெல்டா கல்லூரிக்குப் பருவத்தில் ஒரு களநாள் கிடைத்தாலே பெரிது. பஸ் வாடகை பேச வேண்டும், பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும், சாப்பாட்டுக்கு வழி பார்க்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பெறும் அந்த ஒரு நாளை எந்தக் கரையில் செலவிடுவது? மயிலாடுதுறையிலிருந்து கிளம்பினாலும் மன்னார்குடியிலிருந்து கிளம்பினாலும் இந்த மூன்று ஊர்கள்தான் பேச்சில் அடிபடும். மூன்றுக்கும் மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். என் தேர்வு முத்துப்பேட்டை. ஆனாலும் தரங்கம்பாடியை எளிதில் ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பிச்சாவரத்தை முதலில் பார்த்துவிடலாம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகங்களுக்கு இடையே வளர்ந்த காடு அது. நீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை, சிதம்பரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த தில்லை மரம், பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் என்று உயிரியல் மாணவருக்கு அங்கே குறையே இல்லை. கடலியலின் முதல் பாடத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. படகில் இருக்கும் நேரம் முழுவதும் வேரையும் பறவையையும் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. கீழே இருக்கும் நீரைப் பற்றி ஒருவர்கூடக் கேள்வி கேட்பதில்லை. விடுமுறை நாளாக இருந்துவிட்டால் படகுத்துறைக் கூட்டத்தில் கருவிப் பெட்டியைத் திறக்கவும் இடம் இருக்காது.

தரங்கம்பாடியில் அலைகளைப் படிக்கலாம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் நிற்கிறது. சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி கடலுக்குப் போய்விட்டது. கரை நிலையானதல்ல என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே நான் கையோடு கொண்டுபோவது ஓர் ஆரஞ்சுப் பழம். அலை உடையும் இடத்துக்கு அப்பால் அதை எறிந்துவிட்டு, நேர் எதிரே மணலில் ஒரு குச்சி நடுவோம். ஒரு நிமிடம் கழித்துப் பழம் எங்கே மிதக்கிறதோ அதற்கு நேராக இன்னொரு குச்சி. இரண்டுக்கும் நடுவே நாடாவைப் பிடித்தால் கரையோர நீரோட்டத்தின் வேகம் கிடைத்துவிடும். ஜூலையில் நாங்கள் போனபோது பழம் வடக்கே நகர்ந்தது. வாடைக் காலத்தில் இதே ஓட்டம் தெற்கே திரும்பும், மணலும் கூடவே போகும். கடலுக்குள் கல் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கரை அரிவதும் ஏன் என்று அதன் பிறகு மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26ஐப் பற்றிப் பேசவும் அந்தக் கரைதான் ஏற்றது. இப்போது முதலாண்டில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட துயரம். ஈர மணலில் ஒரே ஒரு கணக்கு எழுதுவேன்: மீட்டரில் சொன்ன ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமி அலையின் வேகம். 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 10 மீட்டர்தான். பின்னால் வரும் நீர் முன்னால் வேகம் குறைந்த நீரை நெருக்குகிறது, அலை உயர்கிறது. மாணவர்கள் அதை எழுதிக்கொண்டு நிமிர்ந்து கடலைப் பார்ப்பார்கள். அந்த அமைதி வகுப்பறையில் வராது.

பிறகு ஏன் முத்துப்பேட்டை? கடலியலின் முதல் எண் உப்பளவு என்பதால். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. புத்தகத்தில் படித்தால் இது மனப்பாடம் செய்யும் எண்ணாக நின்றுவிடுகிறது. முத்துப்பேட்டையில் அது கண்முன் ஏறி இறங்குகிறது. ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றின் வழியாக, ஊரார் லகூன் என்றே சொல்லும் காயலுக்குப் போகும் வழியெங்கும் அளந்துகொண்டே போகலாம். ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடிமேல் இரண்டு சொட்டு நீர் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். கோடு நிற்கும் எண்ணே உப்பளவு. கிளம்பும் முன் காய்ச்சி வடித்த நீரால் அதைச் சுழியத்தில் நிறுத்திவிட வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் காயலின் நடுவே எடுத்த நீரில் கோடு 35ஐத் தாண்டி நின்றது. கருவி பழுது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மூன்று முறை துடைத்துப் பார்த்தும் அதே இடம்தான்.

கடலைவிட உப்பு கூடிய நீர் எப்படி வந்தது? வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் மூடப்படுகிறது. கடைமடைக்கு நன்னீர் வரத்து நின்றுவிடுகிறது. காயலோ ஆழம் குறைந்தது, கடல் ஏற்றவற்றமும் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான். வெயில் நீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. அங்கே அலையாத்தியின் இலையைத் திருப்பி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது. ஆவியாதல், ஆற்று வரத்து, உயிரின் தகவமைப்பு ஆகிய மூன்று அத்தியாயங்களும் ஒரு படகுப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

முத்துப்பேட்டையிலும் குறைகள் உண்டு. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். திறந்த கடலின் அலை அங்கே இல்லை. நீரின் தெளிவை அளக்கும் வெள்ளைத் தட்டை இறக்கினால் அது பார்வையிலிருந்து மறையும் முன்பே சேற்றைத் தொட்டுவிடலாம். உயிர்க்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் படகை எடுக்கவிடாதீர்கள். ஜூலையில்தான் நாள் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் தரங்கம்பாடிக்குப் போங்கள். மார்ச், ஏப்ரலில் கிடைத்தால் முத்துப்பேட்டை. அதற்கு முந்தைய நவம்பரிலேயே அந்தப் பக்கத்து மாணவர் ஒருவரிடம் சொல்லி ஒரு பாட்டில் காயல் நீர் எடுத்துவரச் செய்து, அதன் அளவைக் குறித்துவையுங்கள். மழையும் வெள்ளமும் அந்த எண்ணை எவ்வளவு கீழே இழுத்திருக்கின்றன என்பதை ஏப்ரலில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

போன முறை திரும்பி வந்த மறுநாள், வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருத்தி தன் வீட்டு ஆழ்குழாய் நீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "இதையும் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்றாள். கருவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.