வீட்டில் பாஸ்கெட்பால் கம்பம் நடுவோர் கவனத்திற்கு: பந்து போடும் கோட்டின் தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பாருங்கள்

கல்லூரி அணியில் ஆடும் என் மகள் ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால், யாரும் தடுக்காமல் ஒரு கோட்டின் பின்னால் நின்று ரிங்குக்குள் பந்து போடக் கிடைக்கும் வாய்ப்பு) பழகுவதற்காக, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் சென்ற ஆண்டு ஒரு பாஸ்கெட்பால் கம்பம் நட்டோம். விளையாட்டுச் சாமான் விற்பவர் ஒருவர், "எல்லாம் மேட்ச் அளவுதான் சார்" என்று உறுதி கூறி, 38,000 ரூபாய்க்கு வேலையை முடித்துக் கொடுத்தார்.

நாள்தோறும் காலையில் நூறு பந்து போடுவாள். பத்துக்கு எட்டு விழும். ஆனால் போட்டியில் அவளுக்குக் கிடைத்த ஆறு ஃப்ரீ த்ரோக்களில் ஐந்து, ரிங்கின் முன்விளிம்பில் தட்டித் திரும்பின. பதற்றம்தான் காரணம் என்று நானே அவளைக் கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்த அவளுடைய கோச், எங்கள் கோட்டில் நின்று ஒரே ஒரு பந்தைப் போட்டுவிட்டு, "சார், டேப் இருக்கா?" என்று கேட்டார்.

ரிங் பொருத்தியிருக்கும் போர்டின் முகப்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து கோட்டின் வெளிவிளிம்பு வரை 4.60 மீட்டர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது சரியாக 4 மீட்டர். விற்பவரின் ஆட்கள் போர்டிலிருந்து அளக்காமல் கம்பத்தின் அடியிலிருந்து அளந்து கோடு போட்டிருந்தார்கள். போர்டோ கம்பத்திலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ரிங்கின் உயரமும் 3.05 மீட்டருக்குப் பதிலாக 2.95தான், ஏனென்றால் வெறும் மண்ணிலிருந்து அளந்து ரிங்கை மாட்டிய பிறகே, அவர்களே மேலே நான்கு அங்குலத்துக்கு கான்கிரீட் போட்டிருந்தார்கள். ஆக, என் மகள் ஆறு மாதமாக அக்கறையோடு பழகியது வேறு ஏதோ ஓர் ஆட்டத்தை.

பொருளின் தரமும் அப்படியே. அக்ரிலிக் என்று சொல்லி மாட்டிய போர்டு பெயின்ட் அடித்த பிளைவுட்; ஒரு மழைக்காலத்திலேயே கீழ்முனை ஊதி, பந்து பட்டால் தொப்பென்று விழுந்தது. திடக்கம்பியால் ஆகியிருக்க வேண்டிய ரிங்கை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தபோது வெற்றுக் குழாயின் ஓசை கேட்டது. இலவசமாகத் தந்த பந்து ஆண்கள் ஆடும் 7ஆம் எண்; பெண்கள் ஆட்டத்துக்கு உரியது 6.

விற்பவரிடம் கேட்டபோது, "வீட்டுக்குத்தானே சார், இது போதும்" என்றார். அவர் தந்த தாளில் "போர்டு செட்" என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. அளவும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் அக்ரிலிக் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் எதுவுமில்லை. ஆகவே நீங்கள் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால், ரிங்கின் உயரம் முடிந்த தரையிலிருந்து, கோட்டின் தூரம் போர்டின் முகப்பிலிருந்து என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டேப் பிடித்துச் சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பழைய கோட்டை அழித்துவிட்டுச் சரியான இடத்தில் நாங்களே புதிதாகப் போட்டுவிட்டோம். முதல் நாள் அவள் போட்ட இருபது பந்துகளில் நான்குதான் விழுந்தன. ரிங்கை உயர்த்த வெல்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.