என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ்: இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகள் நம்பிப் போகலாமா?

இங்கிலாந்துக்குப் படிக்க வரும் மாணவர்கள் விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் காசில், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் 'டாக்கிங் தெரபீஸ்' என்ற பேச்சு வழி மனநல சிகிச்சையும் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர், "ஏதோ நாலு பேப்பர் கொடுத்து மூச்சு விடச் சொன்னார்கள்" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். சேவை மோசம் என்பதால் அல்ல, தவறான சிகிச்சைப் படியில் ஏற்றிவிடப்பட்டதால்.

2008இல் ஐ.ஏ.பி.டி. என்ற பெயரில் தொடங்கிய திட்டம் இது. பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் முன்னின்று கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரியில்தான் இப்போதைய பெயர் வந்தது. இங்கிலாந்தில் மட்டுமே உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலோ வேல்ஸின் கார்டிஃபிலோ படிப்பவர்களுக்கு ஏற்பாடு வேறு. பதற்றம், மனச்சோர்வு, விபத்து அல்லது வன்முறைக்குப் பிந்தைய மனக்காயம் எல்லாவற்றுக்கும் கட்டணமில்லாத சிகிச்சை.

சேர்வது எளிது. ஒரு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பதிவு இருக்க வேண்டும், பெரும்பாலான இடங்களில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். டாக்டர் கடிதம் தேவையில்லை. உங்கள் பகுதிச் சேவையின் இணையதளத்தில் நீங்களே படிவம் நிரப்பலாம். கூடவே இரண்டு கேள்வித்தாள்கள் வரும். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9இல் மொத்தம் 27 மதிப்பெண், பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7இல் 21. முன்னதில் 10, பின்னதில் 8 என்பது கோடு. அதைத் தொட்டால் சிகிச்சை தேவைப்படும் அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் இங்கே செய்வது ஒன்று உண்டு: "ரொம்பச் சொன்னால் என்ன நினைப்பார்களோ" என்று எல்லாவற்றிலும் ஒரு படி குறைத்துப் போடுவது. கடந்த இரண்டு வாரத்தில் மிக மோசமாக இருந்த நாட்களையும் கணக்கில் எடுத்துப் போடுங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. வந்ததென்று சொன்னால் போலீஸ் வராது, விசாவுக்கும் ஒன்றும் ஆகாது. திட்டம் ஏதும் இருக்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கூடுதலாகச் சில கேள்விகள் கேட்பார்கள்.

அடுத்து வரும் தொலைபேசி மதிப்பீடு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். எந்தப் படியில் ஏறுவீர்கள் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. இரண்டாம் படி என்பது வழிகாட்டலுடன் கூடிய சுய உதவி: ஆறு வாரம் போல, வாரம் அரை மணி நேர அழைப்பு, பயிற்சித்தாள்கள் அல்லது ஆன்லைன் பாடம். தேர்வு பயம், ஓயாத கவலை, லேசான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. கவலைப்படுவதற்கென்று நாளில் இருபது நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை எழுதி ஒத்திவைக்கும் பயிற்சியை ஏளனமாகப் பார்க்காமல் இரண்டு வாரம் செய்து பாருங்கள். ஆனால் மனக்காயத்துக்கு இந்தப் படி வீண். அதற்கும், கூட்டத்தைக் கண்டால் ஒடுங்கிப்போகும் சமூகப் பதற்றத்துக்கும் மூன்றாம் படிதான் சரி. அங்கே பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் ஒருவரே தொடர்ந்து பார்ப்பார்.

"பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் இரண்டாம் படிக்குத்தான் போவீர்கள்; கேட்பவருக்கு வேறு தெரிய வழியில்லை. நடந்ததை விவரிக்க வேண்டாம். "மூன்று வருடம் முன்னால் ஒரு விபத்து. அந்தக் காட்சி வாரத்தில் நாலு நாள் தானாக வருகிறது. கனவிலும் வருகிறது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருவதில்லை. சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது" என்று சொன்னால் போதும். பிறகு மனக்காயத்தை அளக்கும் பி.சி.எல்-5 கேள்வித்தாள் கேளுங்கள். இருபது கேள்வி, மொத்தம் 80, கோடு 32. ஜி.ஏ.டி-7இல் ஆறே மதிப்பெண் எடுத்துவிட்டு இதில் 45 எடுப்பவர் இருக்கலாம். முன்னதை மட்டும் பார்த்தால், உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை என்று பதில் வந்துவிடும்.

காத்திருப்புக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு வாரத்துக்குள், 95 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. முதல் அமர்வு நடந்தாலே அந்தக் கடிகாரம் நின்றுவிடும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே விழும் இடைவெளி அதில் ஏறாது. மூன்றாம் படிக்குப் பல இடங்களில் அங்கேதான் மாதக்கணக்கில் போகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, "வாரா வாரம் தொடரும் சிகிச்சை எப்போது ஆரம்பம்?" பகல் நேரம், வீடியோ இரண்டுக்கும் சம்மதம், யாராவது ரத்து செய்தால் உடனே வருகிறேன் என்று சொல்லி வைத்தால் வரிசை நகரும்.

சிகிச்சையின் தரத்தைப் பொறுத்தவரை, சரியான படிக்கு வந்துவிட்டால் இதற்கு நல்ல மதிப்பெண்தான். திடீர்ப் பீதிக்கான சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) அமர்வு இப்படி இருக்கும். படபடப்பு வந்தால் இதயம் நின்றுவிடும் என்பதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று தெரபிஸ்ட் கேட்பார், 80 என்பீர்கள். இரண்டு நிமிடம் வேகமாக மூச்சு விட வைப்பார். தலை சுற்றும், விரல் மரக்கும், நெஞ்சு அடிக்கும். ஆனால் ஒன்றும் ஆகாது. மறுபடி அதே கேள்வி. அடுத்த வாரம் படியேறி ஓடுவது, அதற்கடுத்து தண்ணீர் பாட்டில் இல்லாமல் ட்யூப் ரயிலில் போவது. அந்தப் பாட்டில்தான் காப்பாற்றியது என்று மனம் நம்பும் வரை பயம் குறையாது, அதனால்தான் அதைப் பிடுங்குகிறார்கள். மூச்சுப் பயிற்சியை மட்டுமே கொடுத்து அனுப்பினால் அதுவும் இன்னொரு பாட்டிலாகிவிடும்.

மனக்காயத்துக்கு இரண்டு வழி: அதற்கென்று அமைந்த சி.பி.டி., அல்லது இ.எம்.டி.ஆர். முன்னதில் சம்பவத்தை நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டே போவீர்கள். மிகக் கொடூரமான சில கணங்களில் நிறுத்தி, அன்று தெரியாத, இன்று தெரிந்த உண்மையை அந்த இடத்திலேயே சேர்ப்பார்கள்: "நான் சாகவில்லை", "அது என் தப்பில்லை". பிறகு சம்பவ இடத்துக்கே போவது. இடம் கோயம்புத்தூரிலோ கிளிநொச்சியிலோ இருந்தால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பார்ப்பார்கள். அந்தச் சந்தியில் இன்று புதுக் கடை இருப்பதைக் கண்ணால் காண்பதே ஒரு மருந்து. இ.எம்.டி.ஆரில் காட்சியை நினைத்தபடி தெரபிஸ்ட்டின் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். வேதனையை 0 முதல் 10 வரை அளந்துகொண்டே போவார்கள். எதுவானாலும் ஒரு சம்பவத்துக்கு வழக்கமாக 8 முதல் 12 அமர்வு. நினைவைத் தொடும் நாளில் 50 நிமிடம் போதாது. புண்ணைத் திறந்துவிட்டு நேரமாயிற்று என்பது போலாகும். அன்றைக்கு 90 நிமிடம் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். தொடங்கிய முதல் சில வாரம் கனவுகள் கூடும். பலர் ஓடிப்போவது அப்போதுதான்.

பெரிய குறை ஒன்று. சில தெரபிஸ்டுகள் நினைவைத் தொடவே தயங்கி, "ஐந்து பொருளைப் பாருங்கள், நாலு சத்தம் கேளுங்கள்" என்று அமைதிப்படுத்தும் பயிற்சியிலேயே வாரங்களை ஓட்டுவார்கள். நாலாவது அமர்வு முடிந்தும் அப்படியே இருந்தால், "சம்பவ நினைவில் எப்போது வேலை தொடங்குவோம்?" என்று நேராகக் கேட்கலாம். இது மரியாதைக் குறைவில்லை.

சிறு வயதிலிருந்தே அடி, வீட்டுக்குள் பாலியல் தொல்லை, போர் என்று அடுக்கடுக்காகப் பட்டவர்களுக்கு இந்தச் சேவை தடுமாறுகிறது. இங்கே "உங்கள் நிலை சிக்கலானது" என்பார்கள். மேல்நிலை மனநலப் பிரிவில் "அவ்வளவு தீவிரமில்லை" என்பார்கள். இரு பக்கமும் மறுப்பை எழுத்தில் வாங்கி ஜி.பி.யிடம் கொண்டுபோவதுதான் வழி.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். அண்ணனையோ அத்தையையோ உட்கார வைக்காதீர்கள். ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா, யாழ்ப்பாணத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும், உங்கள் ஊர்க்காரராக இருக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம். மொழிபெயர்ப்பிலேயே பாதி நேரம் போய்விடும், அதனால் இரட்டை அமர்வு கேளுங்கள். நீங்கள் பேசுவது பெற்றோருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகாது. ஜி.பி.க்குக் கடிதம் போகும். உங்கள் உயிருக்கோ பிறர் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் தளரும்.

மாத்திரை இங்கே கிடையாது, அது ஜி.பி. வேலை. 25 வயதுக்கு உட்பட்டவருக்குச் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தொடங்கினால் ஒரு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால்தான். அவசர உதவியும் இதில் இல்லை. இரவு இரண்டு மணிக்குத் தாங்க முடியாவிட்டால் 111 அழைத்து 2ஐ அழுத்துங்கள், உயிர் ஆபத்து என்றால் 999.

காசு கொடுத்துப் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டனில் கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்று யாரும் போட்டுக்கொள்ளலாம், சட்டத் தடையில்லை. சி.பி.டி.க்கு, அந்தத் துறைச் சங்கமான பி.ஏ.பி.சி.பி.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் பதிவேட்டில் தேடுங்கள். பல்கலைக்கழகக் கவுன்சிலிங் சீக்கிரம் கிடைக்கும்; சில அமர்வுகளில் முடிந்துவிடும்.

கடைசியாக, காலண்டர். விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் தொடர்வதைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். சொல்லாமல் இரண்டு அமர்வு தவறினால் பல இடங்களில் பெயரை எடுத்துவிடுவார்கள். வீடு மாறி ஜி.பி.யும் மாறினால் வேறு பகுதிச் சேவையில் வரிசையின் கடைசிக்குப் போக நேரலாம். ஜூனில் ஊருக்குக் கிளம்புபவர் மார்ச்சில் நினைவு வேலையைத் தொடங்குவதற்குப் பதில், தெரபிஸ்ட்டிடம் தேதியைச் சொல்லி, செப்டம்பரில் அதே இடத்தில் தொடர முடியுமா என்று எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.